பழைய பைப் ஓர்கனை என்ன செய்வது? கொழும்பு ஆலயங்களுக்கு முன்னுள்ள வழிகள்

கொழும்பில் ஆங்கிலேயர் காலத்து ஆலயமொன்றின் பைப் ஓர்கன் முடங்கிப்போனால் சபைக் குழுவின் மேசைக்கு வழக்கமாக மூன்று யோசனைகள் வரும். வெளிநாட்டு நிபுணர்களைக் கொண்டு முழுமையாகப் புதுப்பிப்பது, உள்ளே இருக்கும் பொறியை மின்சாரத்துக்கு மாற்றுவது, முகப்புக் குழாய்களை அழகுக்கு விட்டுவிட்டு டிஜிட்டல் ஓர்கன் வாங்குவது. இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உள்ளூரிலேயே பகுதி பகுதியாகத் திருத்துவது. மற்றது, பணம் சேரும்வரை மேலும் கெடாதபடி முறையாகப் பாதுகாத்து வைப்பது. இவற்றைப் பற்றி எவரும் அதிகம் கதைப்பதில்லை. ஆனால் பெரும்பாலான ஆலயங்களுக்குப் பொருந்துபவை இவை இரண்டும்தான் என்பது எங்கள் துணிபு.

ஓர்கனைக் கெடுப்பது வயது அல்ல. ஈரப்பதன், கறையான், கூரை ஒழுக்கு ஆகிய மூன்றும்தான் அதைத் தின்கின்றன. எவ்வளவு செலவழித்துத் திருத்தினாலும் இவை மூன்றும் இங்கேதான் இருக்கப்போகின்றன. அதனால் பழுது திரும்ப வரும். அப்போது மரமும் தோலும் வச்சிரமும் (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை) கொண்டு கொழும்பில் ஒருவர் அதைச் சரிசெய்ய முடியுமா? ஒவ்வொரு வழியிடமும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

உள்ளே இருப்பது

ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவருக்கு ஓர்கனின் அடிப்படை புதிதல்ல. துருத்தி, காற்றுப்பெட்டி, கட்டையை அமுக்கினால் திறக்கும் தோல் ஒட்டிய மூடி, எல்லாம் இங்கும் உண்டு. ஆர்மோனியத்தில் காற்று பித்தளை நாக்கை அதிரவைக்கும். ஓர்கனில் அது குழாய்க்குள் போகும். ஒரே குணமுள்ள குழாய் வரிசையை ஆட்சி செய்வது ஒரு ஸ்டொப். காற்றுப்பெட்டியின் மேல்பலகைக்கும் குழாய்கள் நிற்கும் பலகைக்கும் இடையே துளையிட்ட நீண்ட மரச்சட்டம் ஒன்று ஓடும். அதற்குப் பெயர் ஸ்லைடர். ஸ்டொப்பை இழுத்தால் துளைகள் நேர்ப்பட்டு அந்த வரிசைக்குக் காற்றுப் போகும். கட்டைக்கும் மூடிக்கும் இடையில் இருப்பவை மெல்லிய மரக்கீற்றுகளும் கம்பிகளும் நெம்புகளும் மட்டுமே.

கணக்குக்காக நடுத்தர ஓர்கன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 56 கட்டைகள் கொண்ட இரண்டு கட்டைப்பலகைகள், கைக்கு 9 ஸ்டொப்புகள், காலுக்கு 30 கட்டைகளோடு 16 அடி ஸ்டொப் ஒன்று. குழாய்கள் 504உம் 30உமாக 534. மூடிகள் 56, 56, 30 என 142. 8 அடி வரிசையின் மிகப் பெரிய குழாய் ஏறத்தாழ 2.4 மீற்றர் நீளம். மிகச் சிறிய குழாய்கள் பென்சிலளவு.

முடிவெடுக்கும் முன்

முதலில் கருவியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டடத்தின் வயதும் ஓர்கனின் வயதும் ஒன்றல்ல. வுல்வெண்டால் ஆலயத்தின் வேலை 1749இல் தொடங்கி 1757இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. கோட்டை புனித பேதுரு ஆலயம் ஒல்லாந்த ஆளுநரின் மாளிகையாக இருந்து 1821இல் ஆலயமானது. இப்படிப்பட்ட சுவர்களுக்குள் நிற்பதனாலேயே ஒரு கருவி அந்தக் காலத்தது ஆகிவிடாது. ஓர்கன்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்திறங்குபவை, இடம் மாற்றப்படுபவை, இடையில் ஸ்டொப்புகள் சேர்க்கப்படுபவை.

தடயங்கள் கருவிக்குள்ளேயே இருக்கும். கட்டைப்பலகைக்கு மேலுள்ள பெயர்த்தகடு, காற்றுப்பெட்டிக்குள் பென்சிலால் எழுதிய வேலை இலக்கம், குழாய்களில் கீறிய சுரப்பெயர், துருத்தியின் உட்புறம் ஒட்டிய காகிதம் என எல்லாவற்றையும் படமெடுங்கள். ஒரு வரிசையில் மட்டும் கீறல் எழுத்து வேறு கையாகத் தெரிந்தால் அது பிற்பாடு சேர்ந்ததாக இருக்கக்கூடும். பிரித்தானியத் தயாரிப்பாளரின் பெயர் கிடைத்தால், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கட்பரி ஆய்வு நூலகத்திலுள்ள பிரித்தானிய ஓர்கன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். பல தயாரிப்பாளர்களின் பழைய பதிவேடுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. எது ஆதியில் இருந்தது என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது என்று தீர்மானிக்க முடியாது.

அடுத்தது அளவீடு. ஈரப்பதன் பதிவுமானி இரண்டு போதும். ஒன்றை ஓர்கனுக்கு உள்ளேயும் மற்றதைச் சபையார் இருக்கும் இடத்திலும் வையுங்கள். வறண்ட பெப்ரவரியும் மழை கொட்டும் ஒக்டோபர், நவம்பரும் அடங்கும்படி ஒரு வருடம் பதிவு செய்வது நல்லது. காற்றழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை ‘ப’ எழுத்தைப்போல் வளைத்து, நிறமூட்டிய நீரை விட்டு, ஒரு முனையைத் துளையிட்ட தக்கை வழியாகக் குழாயொன்று நின்ற துளையில் பொருத்துங்கள். இரு பக்க நீர்மட்டங்களின் வித்தியாசமே அழுத்தம். அந்தக் காலத்து ஆலய ஓர்கன்களில் 75 மில்லிமீற்றர் அளவு சாதாரணம். ஒரு கட்டையை அமுக்கும்போதும் எல்லா ஸ்டொப்புகளையும் இழுத்து பத்து விரலாலும் அமுக்கும்போதும் இந்த அளவு அதிகம் மாறக்கூடாது. மாறினால் நோய் துருத்தியிலோ காற்றுப் போகும் வழியிலோ இருக்கிறது.

பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து 534 குழாய்களையும் ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து அட்டவணை போட வேண்டும். ஒலிக்கவில்லை, தாமதம், தானாக ஒலிக்கிறது, பக்கத்துச் சுரமும் சேர்ந்து முனகுகிறது, சுருதி விலகல் என ஐந்து நிரல்கள். ஒரு முழு நாள் வேலைதான். இந்த அட்டவணை கையில் இல்லாமல் எவரிடமும் விலை கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால், வருகிறவர் சொல்லும் தொகை பெரிதா நியாயமா என்று உங்களால் மதிப்பிட முடியாது.

கறையானுக்குச் சட்டங்களைச் சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வரும் இடத்தில் திருப்புளி முனை இறங்கும். அது பெரும்பாலும் சுவரை ஒட்டியிருக்கும் பின்சட்டங்களின் வழியாகத்தான் ஏறும், ஆகவே முன்பக்கப் பளபளப்பை நம்ப வேண்டாம். எண்ணெய் கலந்த மருந்தை ஓர்கனுக்குள் ஒருபோதும் அடிக்கக்கூடாது. தோலும் கம்பளித் துணியும் அதை உறிஞ்சிக் கெட்டுவிடும். மருந்து நிலத்துக்கும் சுவருக்கும் தான்.

வெளிநாட்டில் முழுப் புதுப்பிப்பு

தரத்தில் இதற்கு நிகர் இல்லை. ஓர்கனை முற்றாகக் கழற்றி, குழாய்களைச் சுத்தம் செய்து, நசுங்கியவற்றை நிமிர்த்தி, காற்றுப்பெட்டியைத் திறந்து திருத்தி, பழைய காற்றழுத்தத்திலேயே ஒலியைத் திரும்பக் கொண்டுவருவார்கள். கருவி அரியது, அதன் ஆதி உறுப்புகள் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன என்றால் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

ஆனால் வெப்பமண்டலத்தில் வாழ்ந்த மரத்தைக் குளிர்நாட்டுப் பட்டறையில் பிரித்துப் போட்டால் அது காய்ந்து சுருங்கும். அங்கே கச்சிதமாகப் பொருத்தியது இங்கே வந்து வீங்கி இறுகும். பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸ் மூங்கில் ஓர்கன் இதற்கு நல்ல பாடம். 1824இல் முடிந்த அந்தக் கருவியின் 1,031 குழாய்களில் 902 மூங்கில். அதை 1973 முதல் 1975 வரை ஜெர்மனியின் பொன் நகரில் கிளைஸ் நிறுவனம் புதுப்பித்தபோது, பிலிப்பைன்ஸின் வெப்பத்தையும் ஈரப்பதனையும் பட்டறைக்குள்ளேயே உருவாக்கி வேலை செய்தார்கள். உங்கள் ஓர்கனை அனுப்பக் கேட்கிறவரிடம் இதே ஏற்பாட்டைக் கேளுங்கள். ‘தேவையில்லை’ என்று பதில் வந்தால் அனுப்பாதீர்கள். நிபுணர்கள் இங்கே வந்து வேலை செய்வது இதைவிட நல்லது. உள்ளூர்த் தச்சர் இருவர் அவர்களோடு கூட நிற்பதாக இருந்தால் மிகவும் நல்லது.

பணத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பவுணிலோ யூரோவிலோ விலை பேசி ரூபாவில் நிதி சேர்க்கும் சபைக்கு இப்படியொரு மூன்று மாதம் போதும், திட்டம் பாதியில் நின்றுவிடும். கழற்றிய நிலையில் நின்றுபோன ஓர்கன் பழுதான ஓர்கனைவிட மோசமானது. குழாய்கள் நசுங்கும், திருடுபோகும், எது எங்கே பொருந்தும் என்பதை அறிந்தவர் எவரும் மிஞ்சமாட்டார்.

மின்மயமாக்கல்

மரக்கீற்றுகளை அகற்றிவிட்டு, ஒவ்வொரு மூடியின் கீழும் மின்காந்தம் ஒன்றை வைப்பது. நம் கணக்கு ஓர்கனுக்கு 142 காந்தங்கள், ஸ்லைடர்களை நகர்த்த 10 மோட்டார்கள், இவற்றோடு மின்சுற்றுப் பலகைகளும் குறைவோல்ட் மின்வழங்கியும். கட்டை இலகுவாகும். பாடகர் குழு இடம் மாறியிருந்தால் வாசிப்பவரையும் அங்கே கொண்டுபோகலாம். இவை உண்மையான இலாபங்கள்.

கொழும்பில் இதன் விலை வேறுவிதமாக வரும். கடற்காற்றின் உப்பு மின்தொடுகைகளைப் பச்சை பிடிக்கச் செய்யும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வரும் இடிமின்னல் ஒரே வீச்சில் பலகை முழுவதையும் எரித்துவிடலாம். எர்த்தும் மின்னல் காப்பும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. இருபது ஆண்டு கழித்து அதே பலகை கிடைப்பதும் அரிது. மரக்கீற்று முறிந்தால் தச்சர் அரை மணியில் புதிதாகச் சீவிக் கொடுப்பார். மூடி திறக்கும் வேகத்தை விரலால் ஆளும் அந்த நுட்பமும் மின்மயமானால் போய்விடும். நன்றாக இயங்கக்கூடிய மரப்பொறியை வெறும் ‘நவீனம்’ என்பதற்காகக் கழற்றுவதை நாங்கள் எதிர்க்கிறோம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டைக்கும் மூடிக்கும் இடையே ஈயக் குழாய்களில் காற்றை அனுப்பி இயக்கும் பொறி சில ஓர்கன்களில் இருக்கும். அதில் நூற்றுக்கணக்கான சிறு தோல் உறைகள் உண்டு. இந்தக் காலநிலையில் ஒன்றை மாற்றும்போதே மற்றொன்று வெடிக்கும். அவை அரியவையாக இல்லாவிட்டால் அங்கே மின்மயமாக்கலைப் பற்றி யோசிப்பது நியாயம். கழற்றிய பாகங்களுக்கு அடையாளச்சீட்டுக் கட்டி ஆலயத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

டிஜிட்டல்

செலவு குறைவு, சுருதி சேர்க்கும் வேலை இல்லை, இளையவர்கள் ஹெட்போனில் பயிலலாம், கீர்த்தனைக்கு ஏற்பச் சுருதியை ஏற்றி இறக்கலாம். இவை சாதாரண வசதிகள் அல்ல. ஆனால் கீர்த்தனைகளுக்கு ஆர்மோனியமும் தபேலாவும் போதும். ஓர்கன் வேண்டியிருப்பது மேலைநாட்டு மெட்டில் பாடும் பாமாலைக்குத்தான். முந்நூறு பேர் சேர்ந்து பாடும்போது அவர்களைத் தாங்கும் அடித்தளம் டிஜிட்டலில் ஸ்பீக்கரைப் பொறுத்தது. 16 அடி ஸ்டொப்பின் கீழ்ச் சுரம் 32.7 ஹேர்ட்ஸ். அதைத் திருத்தமாகத் தராத ஸ்பீக்கரில் கால்கட்டைச் சுரங்கள் வெறும் உறுமலாகிவிடும். பதிவுசெய்த ஒலிகள் பலவும் எதிரொலி நிறைந்த ஐரோப்பியப் பேராலயங்களில் எடுத்தவை. சன்னல்கள் திறந்து மின்விசிறிகள் சுழலும் நம் ஆலயத்தில் அந்த எதிரொலி ஒட்டாமல் தனியே மிதக்கும். வாங்குமுன் கடையில் கேட்காதீர்கள். கருவியை ஆலயத்துக்குக் கொண்டுவரச் செய்து, சபையோடு ஒரு பாமாலை பாடிப் பாருங்கள்.

பழைய குழாய்களோடு டிஜிட்டல் ஸ்டொப்புகளைக் கலக்கலாம் என்ற யோசனையும் வரும். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் குழாயின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். 100 சென்ட் சேர்ந்தால் ஓர் அரைச்சுரம். காலை 25 பாகைக்கும் பிற்பகல் 31 பாகைக்கும் இடையில் 18 சென்ட் போய்விடும். டிஜிட்டல் அசையாது. வெப்பநிலையைப் பார்த்துத் தானே சுருதி மாற்றும் வசதி இல்லாத கலப்பு ஓர்கன் காதுக்குத் தொல்லை.

பழைய ஓர்கனைத் திருத்தும் காலத்துக்கு எளிய டிஜிட்டல் கருவி ஒன்றை வைத்துக்கொள்வது நல்ல யோசனை. அதை நிரந்தரமாக்குவதற்காகக் குழாய்களை ஈய விலைக்கு விற்றுவிட்டால் பின்னர் திரும்ப வழியில்லை.

பகுதி பகுதியாக உள்ளூரில்

நாங்கள் பரிந்துரைப்பது இது. வேலையின் வரிசை முக்கியம். பலர் சுருதி சேர்ப்பதில் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. காற்று ஒழுகும் ஓர்கனில் சுருதி நிற்காது.

முதலில் கூரையும் பீலியும் கறையானும். கட்டடம் தொல்பொருள் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால் இந்தக் கட்டத்திலேயே திணைக்களத்தோடு பேசிவிடுங்கள். இரண்டாவது காற்று. இங்கே மட்டும் புதிய பொருளுக்கு நாங்கள் ஆதரவு. பழைய புளோவரின் (துருத்திக்குக் காற்றூட்டும் மின்விசிறியின்) மோட்டார் சூடாகிறது, இரைகிறது என்றால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸுக்குச் செய்த புதியதை வாங்குங்கள். 60 ஹேர்ட்ஸ் நாட்டுப் புளோவர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இங்கே அது ஆறில் ஐந்து வேகத்தில்தான் சுழலும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால் 69 வீதமாகிவிடும். காற்றை உள்ளிழுக்கும் வாயில் எலி புகாத கம்பிவலை வேண்டும். அந்த வாய் ஓர்கன் நிற்கும் அதே அறைக் காற்றை இழுக்க வேண்டும். வெளிவெப்பக் காற்று உள்ளே வந்தால் சுருதி பிறழும்.

துருத்தியில் முதலில் போவது மூலைத் தோல், அதாவது இரண்டு மடிப்புப் பலகைகள் சேரும் முக்கோணம். படிகாரத்தில் பதப்படுத்திய வெள்ளை ஆட்டுத்தோல் பொருத்தம். ஓரங்களை மெல்லியதாகச் சீவி ஒட்ட வேண்டும். செருப்புத் தொழிலாளர்களுக்குக் கைவந்த வேலை இது. ஒட்டுவதற்கு வச்சிரம்தான். ஒரு பாத்திரத்துக்குள் இன்னொன்றாக வைத்து நீரில் 60 பாகை அளவில் சூடாக்குங்கள், கொதிக்க விட்டால் பிடிப்புப் போய்விடும். தச்சர்கள் விரும்பும் வெள்ளைப் பசை விரைவாகக் காயும், உண்மைதான். ஆனால் அடுத்த முறை தோலை எடுக்கும்போது பலகையும் பிய்ந்து வரும். வச்சிரம் ஈரத்துணியில் இளகிக் கொடுக்கும். றெக்சீன் ஒட்டியிருந்தால் முழுவதையும் அகற்றுங்கள். மடிப்பில் அது வெடிக்கும்.

மூன்றாவது காற்றுப்பெட்டி. 142 மூடிகளின் தோலையும் ஒரே தடிப்பில் ஒரே தடவையில் மாற்ற வேண்டும். பழுதானவற்றை மட்டும் மாற்றினால் தடிப்பு வேறுபட்டுக் கட்டைகள் மேடும் பள்ளமுமாகும். ஒரு சுரம் நின்று ஒலித்துக்கொண்டே இருந்தால், அதன் மரக்கீற்றை மூடியிலிருந்து கழற்றிப் பாருங்கள். ஒலி நின்றால் பழுது பொறியில், வீங்கி இறுகிய மரமாக இருக்கலாம். நிற்காவிட்டால் பழுது மூடியில், தூசி அடைத்திருக்கும் அல்லது சுருள்கம்பி தளர்ந்திருக்கும். ஸ்லைடர் இறுகினால் பென்சில் கரிப் பொடி (கிராபைட்) தடவலாம், எண்ணெயும் சவர்க்காரமும் வேண்டாம். மழைக்காலத்தில் ஸ்லைடரைச் சீவவே கூடாது. நவம்பரில் சீவியது பெப்ரவரியில் சுருங்கிக் காற்றை விடும்.

மாற்றுப் பலகைக்கு ஓக், ஒட்டுப்பலகை, எம்டிஎப் (அமுக்கிய மரநார்ப் பலகை) எதுவும் வேண்டாம். மரத்திலிருந்து ஆவியாகும் அசெட்டிக் அமிலம் ஈயக் குழாய்களின் அடியை அரிப்பதை ஜெர்மனியின் லூபெக் நகர யாக்கோபு ஆலய ஓர்கனை ஆராய்ந்தவர்கள் நிறுவியிருக்கிறார்கள். உங்கள் குழாய்களில் வெள்ளைப் பொடி தெரிந்தால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நஞ்சு. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

நான்காவது பொறியின் கம்பளி வளையங்களும் திருகுகளும், சில வாரங்களில் முடியும் வேலை. ஐந்தாவதுதான் குழாய்கள். இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரம் போதும், பித்தளை மினுக்கும் பசை ஈயத்தைத் தின்னும். சில வரிசைகளில் ஆர்மோனியத்தில்போல் பித்தளை நாக்குள்ள குழாய்களும் இருக்கலாம். அவற்றை அனுபவமற்ற கை தொடக்கூடாது. நாக்கின் வளைவு தலைமயிரளவு மாறினாலும் அந்தச் சுரம் போய்விடும். இந்தக் கட்டத்துக்கு மட்டும் வெளிநாட்டு நிபுணரை இரண்டு வாரம் வரவழைப்பது பணத்துக்கு ஏற்ற பலன் தரும். சுருதி சேர்ப்பது ஆராதனை நேரத்து வெப்பநிலையில், மின்விசிறிகளை நிறுத்திவிட்டு.

இவ்வளவும் செய்த ஆலயம் அடுத்து ஏசி பூட்ட நினைக்கலாம். ஞாயிறு மட்டும் ஓடும் ஏசி பழைய ஓர்கனுக்குக் கறையானைவிடக் கேடு. வாரம் முழுதும் 85 வீத ஈரப்பதனில் ஊறிய மேல்பலகையைச் சில மணி நேரத்தில் 55 வீதத்துக்கு இறக்கினால் பலகை வெடிக்கும், ஒரு சுரத்தின் காற்று அடுத்ததற்குள் ஒழுகும். கதவைத் திறந்ததும் குளிர்ந்த குழாய்களில் வெளியீரம் வியர்வையாகப் படியும். ஏசி வேண்டுமென்றால் இரவு பகலாக மாறாத அளவில் ஓட வேண்டும், முடியாவிட்டால் வேண்டாம்.

பழையது இறக்குமதி, பாதுகாத்து வைத்தல்

இங்கிலாந்தில் மூடப்படும் ஆலயங்களின் ஓர்கன்கள் மலிவாகக் கிடைக்கும். கழற்றுவதும் கொண்டுவருவதும் மறுபடி பூட்டுவதும் மலிவல்ல. வெப்பமூட்டிய கட்டடத்தில் பல்லாண்டு காய்ந்த மரம் இங்கே வீங்கும். பூச்சி கொல்லும் மெதைல் புரோமைட் வாயுப் புகையூட்டலுக்கு ஓர்கன் பாகங்களைக் கொடுக்காதீர்கள். தோலும் கம்பளியும் அதனோடு வினைபுரிந்து தீராத நாற்றம் பிடிக்கும். சொந்த ஓர்கன் உள்ள ஆலயத்துக்கு இந்த வழி தேவையில்லை.

நிதி இல்லாத சபை செய்ய வேண்டியது குறைவு, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது. கூரை ஒழுக்கை அடைத்துவிடுங்கள். தளர்ந்த பெரிய குழாய்களைப் பருத்தி நாடாவால் சட்டத்தோடு கட்டுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் மூடாதீர்கள், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்திப் போர்வை போதும். காற்று ஒழுகாமல் தங்கும் ஓர்கனாயின் வாரம் ஒருமுறை இருபது நிமிடம் எல்லா ஸ்டொப்புகளையும் இழுத்து, எல்லாக் கட்டைகளையும் அமுக்கி ஓடவிடுங்கள். அசையும் ஸ்லைடர் இறுகாது, மூச்சுவிடும் துருத்தியில் தோல் விறைக்காது. உட்கதவின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அவரிடம் ஒரு கொப்பியும் இருக்கட்டும். திகதி, ஈரப்பதன், ஒலிக்காத சுரங்கள், உள்ளே போனவர் யார், எதைத் தொட்டார் என்று அதில் எழுதி வையுங்கள். பணம் சேரும் நாளில் வேலைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.